அரவைக் கூலியும் ஐபோனும்

சென்ற இதழில் பேச்சோடு பேச்சாக, 'தாம்பரம் மெப்ஸில் இருபத்தெட்டு வருஷம் போர்டு பார்த்துக் கண் பூத்துப்போனவள்' என்று என்னைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். மெப்ஸ் என்பது ஏற்றுமதி ஆலைகளுக்கான மண்டலம், போர்டு என்பது போன், டி.வி.க்குள் இருக்கிற சர்க்யூட் பலகை. அதுவரை மாவடுவும் மாமியார் சண்டையும் கேட்டுக்கொண்டிருந்த வாசகர்கள் இந்தத் தடவை கம்பெனியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். வலங்கைமானில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நீடாமங்கலத்திலிருந்து ஒரு தகப்பனார்:

அம்மா, என் மகள் டிப்ளமா இ.சி.இ. முடித்திருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்கிற இடத்தில் வேலை என்று கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். வந்த கடிதத்தில் ஆப்பிள் பெயரும் இல்லை, அவர்கள் சொன்ன தைவான் கம்பெனியின் பெயரும் இல்லை. ஏதோ ஒரு 'சர்வீசஸ்' என்று இருக்கிறது. ஏமாற்று வேலையா? பெண்ணை அனுப்பலாமா?

ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை, ஐயா. நம் ஊர் ரேஷன் அரிசி மூட்டையை நினைத்துப் பாருங்கள். மூட்டையில் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பெயர். அரைத்தது ஒரு தனியார் மில். மூட்டை தூக்கியவர் அந்த மில்லின் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார், ஒரு மேஸ்திரியின் ஆள். போனிலும் அப்படித்தான்: பெயர் ஒருவருடையது, ஆலை இன்னொருவருடையது, ஆள் மூன்றாமவருடையது. உங்கள் மகளுக்கு வந்திருப்பது மேஸ்திரியின் கடிதம்.

அந்தக் கடிதத்தில் அவளை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடித்தாக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இ.எஸ்.ஐ. உண்டு, நம் பங்கு முக்கால் சதவீதம், அவர்கள் பங்கு மூன்றே கால். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் ஏறியிருக்கிறதா என்று போனில் நீங்களே பாருங்கள். அப்ரண்டிஸ் என்று எழுதியிருந்தால் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். அதில் தவறில்லை, சட்டமே அப்படி. ஆனால் அந்தக் காலம் முடிந்த மறுநாள் என்ன என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளை எடுத்து, பழையவர்களை வழியனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. சட்டம் சொல்கிற வேலை நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் இரட்டிப்புக் கூலி. இதையும் அவள் காதில் போட்டு அனுப்புங்கள்.

விடுதியை நேரில் போய்ப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். 2021 டிசம்பரில் அந்தப் பக்கம் ஒரு விடுதிச் சாப்பாட்டில் பெண்கள் கூட்டமாக நோயில் விழுந்து, மற்றவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டித் திறந்த குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஆனாலும் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது. மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஒரு நாள் செலவழித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அறையில் எத்தனை கட்டில் என்பதோடு நிற்காதீர்கள், சமையல்கட்டுக்குள் போங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளை பகலில் தூங்க முடியுமா, பக்கத்துக் கட்டில்காரி எந்த ஷிப்ட் என்று கேளுங்கள். நான் 1990-ல் குரோம்பேட்டையில் ஒரே அறையில் ஐந்து பேரோடு இருந்தேன். மூன்று ஷிப்ட்டும் அந்த அறையில் இருந்தது. லைட் அணைந்து நான் பார்த்ததே இல்லை.

டிப்ளமா படித்த பெண்ணும் பிளஸ் டூ படித்த பெண்ணும் ஒரே லைனில் நின்று ஒரே ஸ்குரூவை முடுக்குவதுதான் எனக்கு வருத்தம். 'டெஸ்டிங், எஸ்.எம்.டி. (மெஷினால் போர்டில் சாமான் ஒட்டுவது), குவாலிட்டி, இதில் ஏதாவது ஒன்றில் போடுங்கள்' என்று முதல் மாதத்திலிருந்தே சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்காதவர்களை எடுத்துப் போட மாட்டார்கள். இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தால் எந்த ஊர் ஆலையிலும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அனுப்புங்கள், ஐயா.

திருபுவனத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

இவ்வளவு பெரிய கம்பெனிகள் தங்கள் சாமானைத் தாங்களே செய்யாமல் ஏன் வெளியே கொடுக்கின்றன? செய்து கொடுப்பவனுக்கு என்ன மிஞ்சும்?

சார், உங்கள் தெருவிலேயே பதில் இருக்கிறது. பாவும் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்து வாங்கி, கூலி கொடுப்பதில்லையா? எனக்கு மில் உதாரணம்தான் கைவரும். என் அப்பா பாபநாசம் பக்கம் ஓர் அரவை மில்லில் கணக்குப்பிள்ளை. கழகத்து நெல் ஒரு குவிண்டால் வந்தால் புழுங்கல் அரிசியாக 68 கிலோ திருப்பித் தர வேண்டும். நெல் நம்முடையதில்லை, அரிசியும் நம்முடையதில்லை. அரவைக் கூலியும் தவிடும் உமியும்தான் மில்லுக்கு. 'லாபம் அரிசியில இல்லம்மா, தவிட்டுல இருக்கு' என்பார் அப்பா.

வெளியே கொடுக்கும் காரணம் எளிது. போர்டில் பொடிச் சாமான்களை ஒட்டுகிற மெஷின் வரிசைக்குக் கோடிக்கணக்கில் செலவாகும், நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். ஒரே கம்பெனியின் சரக்கை வைத்து அதை இருபத்து நாலு மணி நேரமும் ஓட்ட முடியாது. பத்துப் பேருக்கு ஓட்டுபவனால் முடியும். 1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.க்குப் போர்டு செய்யும் வேலையை அலபாமாவில் எஸ்.சி.ஐ. என்கிற கம்பெனிக்குக் கொடுத்தது. தைவானில் 1974-ல் டி.வி. பெட்டிக்குத் திருகு குமிழ் செய்ய ஆரம்பித்த ஹோன் ஹாய்தான் ஐபோன் செய்து கொடுக்கிற இன்றைய ஃபாக்ஸ்கான்.

மிஞ்சுவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். உலகத்திலேயே பெரிய மில்லான அந்த ஃபாக்ஸ்கானுக்கே நூறு ரூபாய் வியாபாரத்தில் சாமான் செலவும் கூலியும் போக ஆறு ரூபாய் சுற்றித்தான் நிற்கும். அதிலும் மற்றச் செலவு, வரியெல்லாம் போனால் இரண்டு, இரண்டரை. எண்ணிக்கையில்தான் அவர்கள் பிழைப்பு. எண்ணிக்கை விழுந்தால் மெஷின் கடனும் கட்டட வாடகையும் அப்படியே இருக்க, அந்த இரண்டு ரூபாய் முதலில் போகும். சோலெக்ட்ரான் என்று ஒரு கம்பெனி. நான் குவாலிட்டியில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் நடத்துவார்கள். அமெரிக்காவின் பால்ட்ரிஜ் தர விருதை 1991-ல் ஒரு தடவை, 1997-ல் ஒரு தடவை வாங்கியது. 2001-ல் இன்டர்நெட் கம்பெனிகள் சரிந்தபோது ஆர்டர்களும் சரிந்தன, கோடவுன் முழுக்கச் சாமான் தங்கிவிட்டது. 2007-ல் ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. எங்கள் பாடப் புத்தகம் விலைபோனது எனக்கு வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது.

பாபநாசத்திலிருந்து ஒரு மாணவி:

'இந்தியாவில் தயாரித்தது' என்று எழுதியிருக்கும் போனில் இந்தியா எவ்வளவு இருக்கிறது?

கூலியும் பெட்டியும் சார்ஜரும் இன்னும் சில உதிரிகளும் இங்கே. சிப், திரை, கேமரா போன்ற விலை கூடின சங்கதிகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து ரீல் ரீலாக, தட்டுத் தட்டாக விமானத்தில் வருகிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2020-21-ல் 166 கோடி டாலர், 2024-25-ல் 1,465 கோடி டாலர். நான்கு வருஷத்தில் ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கை மேடையில் சொல்லும்போது கூடவே இறக்குமதிச் சாமான் கணக்கையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வண்டியில் போகிற அரிசி மூட்டையை மட்டும் எண்ணினால் எப்படி, வந்த நெல்லையும் எண்ண வேண்டாமா?

2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டம், கூடுதல் விற்பனைக்கு 4 முதல் 6 சதவீதம் கொடுத்தது. முன்னால் சொன்ன இரண்டு, இரண்டரை ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார், ஆலைகள் ஏன் ஓடி வந்தன என்று புரியும். உதிரிபாகங்களையும் இங்கேயே செய்வதற்கு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய்க்குத் தனித் திட்டம் ஒப்புதலானது. தமிழ்நாடும் அதற்குத் துணையாக ஒரு திட்டம் அறிவித்தது. தவிடு நம் ஊரில் தங்குமா என்பது அதில்தான் தெரியும்.

துவாக்குடியிலிருந்து ஒரு பட்டறைக்காரர்:

அக்கா, இருபது வருஷமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை. இப்போது வேலை இல்லை. மகன் இ.இ.இ. படித்திருக்கிறான். நிலத்தை வைத்துக் கடன் வாங்கி ஒரு எஸ்.எம்.டி. லைன் போடலாம் என்கிறான். போடலாமா?

வேண்டாம், தம்பி. இப்போது வேண்டாம். அவசரப்பட்டுச் சொல்லவில்லை. என் காரணங்களைக் கேட்டுவிட்டு மகனிடமும் காட்டுங்கள்.

மெஷினை விட, பொடிச் சாமான்களை நாடாவாகச் சுற்றி மெஷினில் மாட்டுகிற ரீல்தான் பணத்தைத் தின்னும். மிளகாய் விதையை விடச் சின்னதாக ஒரு ரெசிஸ்டர் இருக்கும், ஒரு ரீலில் பத்தாயிரம். ஐந்நூறு போர்டு ஆர்டர், போர்டுக்கு மூன்று என்றால் உங்களுக்கு வேண்டியது 1,500. மீதி 8,500 உங்கள் பீரோவில். அது காசு பெறாத சாமான், போகட்டும். ஐ.சி., அதாவது சிப், அப்படி இல்லை. போர்டில் எண்பது வகைச் சாமான் இருந்து, எழுபத்தொன்பது வந்து ஒன்று வராவிட்டால் ஒரு போர்டும் வெளியே போகாது. 2021-ல் சிப் பஞ்சம் வந்தபோது ஒரு வருஷம் கழித்துத் தருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. சாமான்காரன் முன்பணம் கேட்பான், போர்டு வாங்குகிறவன் தொண்ணூறு நாள் கழித்துத் தருவான். நடுவில் நீங்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. தராமல் வைத்திருந்தால் வாங்கியவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் இறுக்கியும் இருக்கிறார்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இல்லாமல் இருந்தால் நாளைக்கே செய்யுங்கள். ஆனால் பெரிய கம்பெனியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வருமா என்பது நீங்கள் அறிந்ததுதான்.

அடுத்தது ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்களே, சிப்புக்கும் அதே கதைதான். உறையைப் பிரித்தால் பல ஐ.சி.க்களுக்கு 168 மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஒட்டியாக வேண்டும், அதுவும் 60 சதவீதத்துக்குள் ஈரப்பதம் இருக்கிற அறையில். தவறினால் உள்ளே ஏறின ஈரம், பசையை உருக்கி ஒட்டவைக்கிற 240 டிகிரி அடுப்புக்குள் போனதும் ஆவியாகிச் சிப்பை வெடிக்க வைக்கும். லைனில் இதற்குப் பெயரே 'பாப்கார்ன்'. எனக்கு அது எப்போதும் கார்த்திகைக்கு நெல் பொரிவது மாதிரிதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காற்றில் எவ்வளவு ஈரம் என்று யோசியுங்கள். ஏ.சி. இரவு பகல் ஓட வேண்டும். சாமானை ஒட்டுகிற சால்டர் பசை தனி, அதை ஃபிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். தோசை மாவுக்குக்கூட இவ்வளவு மடி கிடையாது. அடுப்புக்குள் போர்டு இருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருந்த வரிசையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒரே வாடிக்கையாளர் என்கிற கதையைத் துவாக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) ஆலைக்கு வரும் அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது உங்கள் பக்கம் எத்தனை ஷெட் பூட்டியது என்று நீங்கள் பார்த்தீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் 2009-ல் அதுவே நடந்தது. பெயர் வேண்டாம். வியாபாரத்தில் முக்கால் பங்கு ஒரே வெளிநாட்டுக் கம்பெனி. ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது, அடுத்த காலாண்டு முதல் ஆர்டர் கிடையாது என்று. மெஷின்களைப் பாலிதீன் போட்டு மூடினோம். அதன் பிறகு பதினொரு நாள் ஸ்டோரில் உட்கார்ந்து மிச்ச ரீல்களை எண்ணினோம், நானும் மூன்று பெண்களும். அவர்களுடைய டிசைனுக்காகவே வாங்கின சாமான், வேறு யாருக்கும் உதவாது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஒப்பந்தத்தில் இல்லையே என்றார்கள். நிஜமாகவே இல்லை. ஆர்டர் நின்றால் மிஞ்சின சாமான் யார் தலையில் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளாமல் எங்கள் கம்பெனிக்காரர்கள் ஆறு வருஷம் வியாபாரம் செய்திருக்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பட்டறை இருக்கிறது, தகரம் வெட்ட ஆள் இருக்கிறது, மகனுக்குச் சர்க்யூட் தெரியும். பம்பு செட் ஸ்டார்ட்டர் பெட்டி, வயர் ஹார்னெஸ் (வயர்க் கட்டு), காயில் சுற்றுவது, பெட்டிக்குள் போர்டைப் பொருத்தி டெஸ்ட் செய்து அனுப்புவது, இதற்கெல்லாம் பெரிய மெஷின் வேண்டாம். போர்டைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ லைன் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து ஒட்டி வாங்கிக்கொள்ளலாம். மூன்று வாடிக்கையாளர் பிடித்து, இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் அப்புறம் லைனைப் பற்றிப் பேசுவோம். நிலப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு ஐ.டி.ஐ. மாணவர்:

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்பதால்தான் டெல்டாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வரவில்லையா?

இல்லை, தம்பி. 2020 சட்டம் தடுப்பது உருக்கு, தாமிரம், அலுமினியம், தோல் பதனிடுதல், எண்ணெய் – எரிவாயு எடுப்பது மாதிரியானவற்றை. போர்டு ஒட்டுவது அந்தப் பட்டியலில் கிடையாது. வராததற்குக் காரணம் வேறு. சாமான் விமானத்தில் வந்து, போன் விமானத்தில் போகிறது. அட்டைப்பெட்டிக்காரர் முதல் மெஷின் ரிப்பேர்க்காரர் வரை எல்லோரும் சென்னையைச் சுற்றி இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் ஊரில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று வீட்டில் கேட்டுப் பார். ஆலைக்காரன் அதையும் கணக்குப் போடுவான். முப்போகம் விளையும் வயலை மண்ணடித்து மூடி ஆலை கட்டுவதற்கு நானும் கைதூக்க மாட்டேன்.

டெல்டாவின் தலைமாட்டில் திருச்சி இருக்கிறது. 2024 செப்டம்பரில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் அமெரிக்கா போனபோது, பிறருக்கு எலெக்ட்ரானிக்ஸ் செய்து கொடுக்கிற ஜாபில் என்கிற கம்பெனி திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் என்பது நாற்று, அறுவடை இல்லை. இருந்தாலும் நீ ஐ.டி.ஐ. முடிக்கும்போது அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலை வந்தால் நிலைத்துவிடும் என்று நினைக்காதே. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஓடத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. வரி வழக்கு ஒரு பக்கம், விற்பனைச் சரிவு இன்னொரு பக்கம். ஆயிரக்கணக்கானவர்கள் முப்பது வயதுக்குள்ளேயே 'முன்னாள்' ஆனார்கள். அதே இடத்தை 2019-ல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது.

கும்பகோணத்திலிருந்து ஒருவர், அஞ்சல் அட்டையில்:

நீங்கள் வைத்திருப்பது எந்த போன்?

பட்டன் போன். கீழே விழுந்தால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

குத்தாலத்திலிருந்து ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்கிறார்):

நாலு வருஷம் போன் கம்பெனியில் இருந்தேன், அக்கா. கடைசி இரண்டு வருஷம் ரீவொர்க்கில், அதாவது பழுதான போர்டைத் திருத்துகிற இடத்தில். கல்யாணம், குழந்தை என்று ஊருக்கு வந்துவிட்டேன். திரும்பக் கேட்டால், கல்யாணம் ஆனவர்களை எடுப்பதில்லை என்று ஏஜென்ட் சொல்கிறார். இப்படிச் சொல்லலாமா? என் வேலை அவ்வளவுதானா?

சொல்லக் கூடாது. கூடாது என்றாலும் சொல்கிறார்கள். இந்தப் புகார் 2024 ஜூனில் பத்திரிகைகளில் பெரிதாக வந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் வரை போனது. ஏஜென்ட் வாய்ச்சொல்லாகத்தான் சொல்வார், எழுதித் தர மாட்டார். 'காரணத்தை எழுதிக் கொடுங்க' என்று ஒரு தடவை கேளுங்கள். அவர் எழுதித் தந்தாலும் தராவிட்டாலும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

ரீவொர்க்கில் இரண்டு வருஷம் என்றீர்களே, அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். மைக்ராஸ்கோப்பின் கீழ் கை நடுங்காமல் ஒரு ஐ.சி.யை எடுத்து இன்னொன்றை வைக்கத் தெரிந்தவர்கள் லைனில் நூற்றுக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். எந்த இடத்தில் சால்டர் குறைவு, எந்தச் சாமான் நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்தவுடன் சொல்கிற கண் உங்களுடையது. ஐ.பி.சி. 610 என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது, போர்டு சரியா தப்பா என்று பார்க்கிறவர்களுக்கானது. சில நாள் பயிற்சி, ஒரு பரீட்சை, இரண்டு வருஷத்துக்குச் செல்லும். அதை வைத்து இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கோ பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கவோ கேட்கலாம். குழந்தை சின்னது, ஊரை விட்டு வர முடியாது என்றால் மயிலாடுதுறையில் போன், டி.வி., இன்வெர்ட்டர் ரிப்பேர் கடைகளில் போய், 'போர்டு வேலை எனக்குக் கொடுங்க, வீட்டிலிருந்து செய்து தருகிறேன்' என்று கேளுங்கள். முதல் பத்துப் போர்டுக்குக் கூலி பேசாதீர்கள், வேலையைக் காட்டுங்கள். பதினொன்றாவதுக்குக் கறாராகப் பேசுங்கள்.

வீட்டில் வைத்துச் செய்வதானால் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், ஒரு சின்ன ஃபேன் புகையை வெளியே தள்ளட்டும், குழந்தை தவழ்கிற அறையில் வேண்டாம். இங்கே ரிப்பேருக்கு வருகிற பழைய போர்டுகள் பலவற்றில் ஈயம் இருக்கும், நம் லைனில் இருந்த மாதிரி ஈயமில்லாக் கம்பி இருக்காது. கை கழுவாமல் சோறு பிசையக் கூடாது. ஈயக் கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும், நீங்கள் பழகினது 217. சால்டரிங் அயர்ன் சூட்டைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் போர்டில் சாமான் ஒட்டுகிற செம்புப் பேட் உரிந்து வந்துவிடும். வேலை முடிந்து அணைப்பதற்கு முன்னால் முனையில் கொஞ்சம் ஈயம் பூசி வைத்துவிடுங்கள். துடைத்துவிட்டு வைத்தால் மறுநாள் காலையில் கறுத்துப்போய் ஒட்டாது.